"என் வண்டிக்கு எவ்வளோ வரும்?": காப்புறுதிக் கணக்கை இணையத்தளமே சொல்ல வைப்பது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைவீதியில் என் அக்காவுக்கு ஒரு கவுண்டர் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு பிரிண்டர், முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாகனக் காப்புறுதி போட்டு, ரோட்டேக்ஸ் (சாலை வரி) புதுப்பித்துக் கொடுப்பதுதான் தொழில். தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் என்றால் நாற்காலி போதாது. வருகிறவர்கள் மோட்டாருக்கு ஸ்டாண்டு போடும்போதே கேட்பார்கள்: "அக்கா, என் வண்டிக்கு எவ்வளோ வரும்?"

அதே கேள்வி இப்போது இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பிலும் வருகிறது. வண்டி கிராண்டை (உரிமைப் பத்திரத்தை) படம் பிடித்து அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் ஒரு கேள்விக்குறியும் அனுப்புவார்கள். சாப்பிட்ட கையோடு அக்கா கால்குலேட்டரைத் தேடுவதைப் பார்த்துத்தான், இதற்கு இணையத்தளமே பதில் சொல்லட்டும் என்று ஒன்றைச் செய்து கொடுத்தேன். முதலில் செய்தது உருப்படவில்லை. இரண்டாவது ஓடுகிறது. இதே வேலையை இப்போது தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் முகவராக இருக்கலாம். அல்லது என்னைப் போல, 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை' என்று வீட்டில் மாட்டிக்கொண்டவராக இருக்கலாம்.

முதல் படிவம் ஏன் செத்தது

பதினேழு கட்டங்கள் வைத்திருந்தேன். பெயர், முகவரி, மின்னஞ்சல், கைப்பேசி எண், வேலை, திருமணமானவரா என்பது வரை. எல்லாம் கட்டாயம். கடைசிப் பொத்தானை அழுத்தினால் விலை வராது. "எங்கள் அதிகாரி விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்" என்று வரும். அக்கா கடையில் அதிகாரி என்று யாரும் கிடையாது. ஏதோ பெரிய கம்பெனி தளத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன்.

நிரப்பியவர்கள் மிகக் குறைவு. அவர்களிலும் சிலர் பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கவுண்டருக்கு வந்து விலை கேட்கிறவரிடம், "முதலில் வீட்டு முகவரி சொல்லுங்கள், மின்னஞ்சல் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றால் பக்கத்துக் கடைக்குத்தான் போவார். விலையைக் காட்டிய பிறகுதான் கைப்பேசி எண்ணைக் கேட்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே நிலைமை பாதி சரியானது.

முதலில் பார்க்க வேண்டியது: உங்களுக்கு அனுமதி உண்டா

நிரல் எழுதும் முன் இதை முடித்துவிடுங்கள். மலேசியாவில் காப்புறுதித் தொழில் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் மேற்பார்வையில் நடக்கிறது. இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுலுக்கு அதே ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம். பொதுக் காப்புறுதி விற்கும் முகவர் பிசிஇ என்ற தகுதித் தேர்வு எழுதி, பொதுக் காப்புறுதிக் கம்பெனிகளின் சங்கமான பியாமில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் தளம் அந்த முகவரின் கவுண்டருக்கு நீட்சி, அவ்வளவுதான். முகவர் பதிவே இல்லாமல் விலை காட்டி ஆள் சேர்த்து யாருக்கோ அனுப்புவது வேறு விவகாரம், அதில் இறங்காதீர்கள்.

பதிவு இருந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் பக்கத்தில் போடும் முன் அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அக்கா தன் கிளை மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நான் கணக்கை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், நல்லதாகப் போயிற்று.

எதற்கெல்லாம் விலை காட்டலாம்

வாகனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்புறுதிக்கும் ஆயுள் காப்புறுதிக்கும் உடல்நிலை பற்றி விரிவாகக் கேட்டாக வேண்டும். இனிப்பு நீர் இருக்கிறதா, அறுவை சிகிச்சை நடந்ததா என்பதையெல்லாம் கைப்பேசித் திரையில் தட்டச் சொல்லி ஒரு விலை காட்டினால், பிறகு அது நிற்காது. அவற்றுக்கு 'அக்காவிடம் பேசுங்கள்' என்று ஒரு பொத்தான் போதும்.

கணக்கு எங்கிருந்து வரும்

இதற்கு மூன்று வழி உண்டு. கம்பெனியே முகவர்களுக்குத் தனி இணைப்பு தந்தால் அதை உங்கள் பக்கத்தில் வைத்துவிடலாம். வண்டி எண்ணையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் போட்டதும் உண்மையான விலையே வரும். புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கம்பெனியின் கணினியோடு உங்கள் தளத்தை நேரடியாக இணைப்பது இரண்டாவது. அதற்கு ஒப்பந்தம், நிரலர், செலவு எல்லாம் வேண்டும்; ஒற்றைக் கவுண்டருக்குக் கட்டுப்படியாகாது. மூன்றாவது வழியில் தோராய விலையை நீங்களே கணக்கிட்டுக் காட்டிவிட்டு, உறுதியான விலையைப் பிறகு அனுப்புவீர்கள். நாங்கள் செய்தது இதைத்தான். அக்காவுக்கு இரண்டு கம்பெனி. இணைப்பு தருவது ஒன்று மட்டும்.

மூன்றாவது வழியில் போனால், அந்த எண் தோராயம்தான் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் எழுதினால் எழுதாததற்குச் சமம்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

எங்கள் படிவத்தில் இப்போது ஏழு கேள்விதான். வண்டி எண், ஐசி எண், காரா மோட்டாரா, எத்தனை சிசி, எத்தனை வருடமாகக் கிளெய்ம் (இழப்பீடு) எடுக்கவில்லை, எவ்வளவு மதிப்புக்குக் காப்புறுதி, வண்டியைக் காசுக்கு ஓட்டுகிறீர்களா.

வயதையும் பாலினத்தையும் தனியாகக் கேட்க வேண்டாம். ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 05 என்பது 2005. ஆனால் 58 என்பது 1958. இதைக் கணினிக்குச் சொல்லித்தராவிட்டால், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற தாத்தாவை இன்னும் பிறக்காத பிள்ளையாக்கிவிடும். எங்கள் தளம் ஒருவருக்குக் கழித்தல் குறியோடு வயது காட்டியது.

தோட்ட நிர்வாகத்தின் பெயரில் உள்ள வண்டிக்கு ஐசி எண் இருக்காது, கம்பெனிப் பதிவு எண்தான் இருக்கும். அதற்குத் தனிப் படிவம் கட்டிக்கொண்டிருக்காமல் 'கம்பெனி வண்டி' என்று தேர்ந்தெடுத்தால் நேரே அக்காவின் எண்ணுக்குப் போகும்படி செய்துவிட்டேன்.

வண்டி எண்ணை மக்கள் பல விதமாகத் தட்டுவார்கள். இடைவெளியோடு, இடைவெளி இல்லாமல், சின்ன எழுத்தில், நடுவில் கோடு போட்டு. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு உள்ளே நீங்களே சரிசெய்யுங்கள். மலேசியாவின் வழக்கமான எண் பட்டைகளில் 'ஐ', 'ஓ' என்ற ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பும் என்பதால். அதனால் இலக்கம் வரவேண்டிய இடத்தில் யாராவது 'ஓ' தட்டியிருந்தால் அது பூஜ்ஜியம்தான். சிவப்பு எழுத்தில் திட்டாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிசியை மாடல் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். மைவி கார் என்றால் 1.3 லிட்டர் உண்டு, 1.5 லிட்டர் உண்டு, இரண்டும் வெவ்வேறு விலைப் படியில் விழும். கிராண்டில் சிசி எங்கே அச்சாகியிருக்கிறது என்று ஒரு படம் போட்டு, அந்த இடத்தில் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

என்சிடி, அதாவது கிளெய்ம் எடுக்காததற்குத் தரும் தள்ளுபடி, பற்றிய கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'உங்கள் என்சிடி எத்தனை விழுக்காடு?' என்று கேட்டால் பாதிப் பேர் 'ஃபுல்' என்பார்கள். கிளெய்ம் எடுக்காத வருடத்தைக் கேட்டால் பதில் வரும். தனியார் காருக்கு ஒரு வருடம் என்றால் 25 விழுக்காடு, இரண்டு என்றால் 30, மூன்று என்றால் 38.33, நான்கு என்றால் 45, ஐந்தும் அதற்கு மேலும் 55. மோட்டார்சைக்கிளுக்கு அட்டவணை வேறு: 15, 20, 25, அதோடு முடிந்தது. எங்கள் பக்கம் வருகிறவர்களில் கப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்) வைத்திருப்பவர்கள் நிறைய. கார் அட்டவணையை அவர்களுக்கும் போட்டால் விலை அடிமாட்டு விலையாக வந்து, கவுண்டரில் சண்டையாகும்.

என்சிடி வண்டிக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்பாவின் பழைய காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட மகனுக்கு, அப்பாவின் 55 விழுக்காடு தானாக வந்துவிடாது. உறுதியான விலை போடும்போது கம்பெனி இதைக் கம்பெனிகளுக்கான பொதுத் தரவுத்தளத்தில் சரிபார்க்கும். அப்போது விலை ஏறினால், உங்கள் தளம் பொய் சொன்னதாகத்தான் அவர் நினைப்பார்.

கடைசிக் கேள்வியைக் கிராப் (செயலி வழி டாக்ஸி) ஓட்டுகிற பிள்ளைகளுக்காக வைத்தோம். பயணிகளைக் காசுக்கு ஏற்றுகிற வண்டிக்குச் சாதாரணத் தனியார் காப்புறுதி போதாது, கூடுதல் பாதுகாப்பு சேர்க்க வேண்டும். 'வாகனத்தின் பயன்பாட்டு வகை' என்று கேட்டால் யாருக்குப் புரியும்? 'இந்த வண்டியில் காசுக்கு ஆள் ஏற்றுகிறீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது: காப்புறுதிக் கம்பெனி தனக்கு வேண்டியதைக் குறிப்பான கேள்வியாகக் கேட்க வேண்டும், வாடிக்கையாளர் அதற்கு உரிய கவனத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. தமிழ்ப் பக்கம் என்பதற்காக என்சிடியைக் 'கோரலின்மைக் கழிவு' என்றெல்லாம் எழுதி வைக்காதீர்கள். நான் எழுதி வைத்தேன். அக்கா படித்துவிட்டு, "இது என்னடா?" என்றார். ஊரில் என்சிடி, ரோட்டேக்ஸ், கிராண்ட், கிளெய்ம் என்றுதான் சொல்கிறார்கள். அதையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், விளக்கத்தை நல்ல தமிழில் கொடுங்கள்.

கணக்கு

கார்களுக்கான முழுக் காப்புறுதி விலை 2017 ஜூலை 1 முதல் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. கம்பெனிக்குக் கம்பெனி, ஆளுக்கு ஆள் விலை மாறும். மற்றவருக்கு ஏற்படும் இழப்பை மட்டும் ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் பழைய கட்டண அட்டவணையிலேயே நின்றது. ஆனாலும் கணக்கின் வரிசையைக் கற்றுக்கொள்ளப் பழைய அட்டவணைதான் நல்ல பாடம். உங்கள் கம்பெனியின் எண்களைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

தீபகற்ப மலேசியாவில் 1400 சிசி வரையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதிப்பு 20,000 ரிங்கிட். முதல் ஆயிரத்துக்கு 273.80 ரிங்கிட், மீதி ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 ரிங்கிட். ஆக 273.80 கூட்டல் 494, மொத்தம் 767.80. மூன்று வருடம் கிளெய்ம் இல்லை, 38.33 விழுக்காடு, அதாவது 294.30 கழிகிறது. மீதி 473.50. முன் கண்ணாடிக்கு 500 ரிங்கிட் பாதுகாப்பு வேண்டும் என்கிறார். அதில் 15 விழுக்காடு, 75 ரிங்கிட். இப்போது 548.50. இதற்கு 8 விழுக்காடு சேவை வரி 43.88. முத்திரை வரி 10 ரிங்கிட். முடிவில் 602.38.

இதில் நான் விட்ட கோட்டை: கண்ணாடிப் பணத்தையும் முதலிலேயே கூட்டிவிட்டு, மொத்தத்துக்கும் என்சிடி கழித்தேன். அப்படிச் செய்தால் 571.33 வரும். என்சிடி அடிப்படை பிரீமியத்துக்கு மட்டும்தான், கூடுதல் பாதுகாப்புகளுக்குக் கிடையாது. இந்தக் கணக்கில் 31 ரிங்கிட் 5 சென் குறைவு. தோட்டத்து நாள் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் திரையைப் படம் பிடித்துக்கொண்டு வந்து கவுண்டரில் நீட்டினார். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் தளத்தைத் திறக்கும் முன், கையால் போட்ட கணக்குகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தளம் தருவதோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்னது ஒன்று. இன்னொன்று: 1400 சிசிக்கு உட்பட்ட ஒரு கார், மூன்றாம் தரப்பு மட்டும், 55 விழுக்காடு என்சிடி. அட்டவணையில் 120.60. கழித்தால் 54.27. வரி 4.34. முத்திரை வரியோடு 68.61. இந்த இரண்டும் சென் பிசகாமல் வந்தால் வரிசை சரி. அடுத்து 1400, 1401 என்று எல்லையில் நிற்கும் சிசிகளைப் போட்டுப் பாருங்கள்; 1401 முதல் 1650 வரை முதல் ஆயிரத்துக்கு 305.50.

நிரல் எழுதுகிறவருக்கு ஒரு வார்த்தை: பணத்தை ரிங்கிட்டில் தசமப் புள்ளியோடு வைக்காமல் சென்னில் முழு எண்ணாக வையுங்கள். கணினியின் தசமக் கணக்கில் ஒரு சென் அங்கேயும் இங்கேயும் நழுவும். கம்பெனியின் சொந்த விலை விகிதங்களைப் பயன்படுத்தினால் கணக்கு சர்வரில் நடக்கட்டும். உலாவியில் வைத்தால் பக்கத்தைத் திறக்கிறவர் யாரும் விகிதத்தைப் பார்த்துவிடலாம்.

பதில் பக்கம்

'எவ்வளோ வரும்' என்று கேட்கிறவர் மனதில் ரோட்டேக்ஸும் சேர்த்துத்தான் இருக்கும். காப்புறுதி 602 என்று காட்டிவிட்டுக் கவுண்டரில் 672 கேட்டால் ஏமாற்றியதாகிவிடும். தீபகற்பத்தில் 1201 முதல் 1400 சிசி வரையுள்ள தனியார் காருக்கு வருடத்துக்கு 70 ரிங்கிட், 1401 முதல் 1600 வரை 90. 150 சிசி வரையுள்ள மோட்டாருக்கு வெறும் 2 ரிங்கிட். உங்கள் சேவைக் கட்டணம் இருந்தால் அதையும் ஒரு வரியாகக் காட்டுங்கள். வரி வரியாகப் பிரித்துக் காட்டி, கடைசியில் மொத்தத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அந்தப் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே, சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்வது முகவரின் கடமை என்று நினைக்கிறேன். மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போட்டால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. 30,000 பெறுமான காரை 20,000க்குப் போட்டு, 6,000 ரிங்கிட் சேதம் வந்தால், கம்பெனி 4,000 தரும். மீதி உங்கள் கையிலிருந்து. எங்கள் தளத்தில் மதிப்புக் கட்டத்தில் எண்ணைக் குறைத்ததும் இந்த உதாரணம் தானாகக் கீழே வரும். வெள்ளமும் மண்சரிவும் சாதாரண முழுக் காப்புறுதியில் அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரி. 21 வயதுக்குக் கீழானவரோ, 'பி' உரிமம் வைத்திருக்கும் புது ஓட்டுநரோ, பாலிசியில் பெயர் இல்லாதவரோ ஓட்டி விபத்து நடந்தால் சேதத்தில் முதல் 400 ரிங்கிட்டை நீங்களே கட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு வரி. பெற்றோர் காரைப் பிள்ளைகள் ஓட்டும் ஊர் இது.

கம்பெனிகளின் சொந்தத் தளங்களில் நேரடியாக வாங்கினால் முகவர் கமிஷனுக்குப் பதிலாக 10 விழுக்காடு தள்ளுபடி தருவது உண்டு. வருகிறவர் அதையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். மறைக்க முயலாதீர்கள். விபத்து நடந்த ராத்திரி யாருக்கு போன் போடலாம் என்று அக்காவின் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அதற்குத்தான் அந்தக் காசு.

பத்து வருடத்துக்கு மேலான கார், இருபது வருட மோட்டார் என்று வந்தால் தளம் விலை காட்டாமல் இருப்பது நல்லது. கம்பெனி கூடுதல் கட்டணம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். 'இந்த வண்டிக்கு அக்கா பார்த்துச் சொல்வார்' என்று வந்தால் போதும்.

ஐசி எண்ணைக் கையில் வாங்கிய பிறகு

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக விவரம் வாங்குகிறீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். அதற்குக் கீழே தமிழிலும் போடுங்கள்; நம் ஆட்கள் அதைத்தான் படிப்பார்கள். விலை பார்த்துவிட்டுப் போனவரின் ஐசி எண்ணை வைத்துக்கொள்ள உங்களுக்குக் காரணம் இல்லை. எங்கள் தளம் கணக்கு முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது. 'பேச விரும்புகிறேன்' என்று அழுத்தியவருடையது மட்டும் தங்கும். பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் ஓட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். படிவ விவரம் முழுவதும் அக்காவின் மின்னஞ்சலுக்குப் போய் அங்கேயே கிடக்கும்படி முதலில் செய்திருந்தேன். அது தப்பு. தகவல் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும் மின்னஞ்சலில் போகட்டும்.

திறப்பதற்கு முன்

விலை குறைந்த கைப்பேசி ஒன்றை எடுத்து, பிரிபெய்டு தரவில், வைஃபை இல்லாமல், செம்பனைக்குள் போய் நின்று பக்கத்தைத் திறந்து பாருங்கள். என் முதல் பக்கத்தில் மேலே ஒரு பெரிய படம் இருந்தது, சிரிக்கும் குடும்பமும் புதுக் காரும். அது இறங்கி முடிப்பதற்குள் ஒருவர் பசியாறிவிட்டு வந்துவிடலாம். எடுத்துவிட்டேன்.

அப்புறம், கணினி தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாய் மூடி உட்காருங்கள். எங்கள் பெரியம்மா ஐசி எண்ணைத் தட்டும்போது நடுவில் கோடு போட்டார். தளம் பிழை என்றது. அட்டையில் கோடு இருக்கிறது, அவர் செய்தது சரிதான். அன்று சாயங்காலமே கோட்டையும் ஏற்கச் செய்தேன்.

திறந்த பிறகு ஒரு வேலை மட்டும் தொடர்ந்து இருக்கும். 2024 மார்ச் 1இல் சேவை வரி 6லிருந்து 8 விழுக்காடானது. எங்கள் தளத்தில் வரி விகிதம் நான்கு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. மூன்றை மாற்றினேன், மோட்டார்சைக்கிள் பக்கத்தை மறந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் விலை பார்த்து எண் கொடுத்திருந்த ஒவ்வொருவருக்கும் அக்கா போன் போட்டுச் சரியான தொகையைச் சொன்னார். இப்போது எல்லா விகிதமும் ஒரே அட்டவணையில், பக்கத்தில் தேதியோடு இருக்கிறது. பதில் பக்கத்திலும் 'இந்த விகிதங்கள் இந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டவை' என்று வரும். மாதம் முதல் தேதி அக்கா அதைப் பார்ப்பார். தேதி பழசாக இருந்தால் எனக்கு போன் வரும்.